விளக்கு நின்ற இடம்

ஷரபுதீன் கடையின் கண்ணாடி மேசைமேல் நான்கு டார்ச் லைட்டுகள் கிடந்தன. வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு. கலாதேவி கால் மணி நேரமாக நாலையும் மாற்றி மாற்றி எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குச் சேலை எடுக்க நுழைந்தால்கூடப் பத்து நிமிடத்தில் பையோடு வெளியே வந்துவிடுகிற பெண். இன்றைக்கு ஒரு டார்ச் லைட்டுக்கு இந்தப் பாடு.

“எதுக்குன்னு சொன்னாத்தான அக்கா எடுத்துக் குடுக்க முடியும்?” என்றார் ஷரபுதீன். ஆணியும் பெயிண்டும் தண்ணீர்க் குழாயும் விற்றே தாடி நரைத்த மனிதர்.

“இருட்டுல நடக்கணும் பாய். ஆனா இருட்டு கலைஞ்சிரக் கூடாது.”

வேறு கடைக்காரராக இருந்தால் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார். ஷரபுதீன் சனிக்கிழமை தவறாமல் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் கடலுக்குப் போய் விடிய விடியத் தூண்டில் போடுகிறவர். அவருக்குப் புரிந்தது. வெள்ளை லைட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

“அப்ப இத மறந்துருங்க. படகுல ஒருத்தன் வெள்ள லைட்டப் போட்டான்னா போச்சு லா. பெறகு அரை மணி நேரத்துக்குக் கரை எது, கடல் எதுன்னே தெரியாது. கண்ணு இருட்டுக்குப் பழகுறது பாலு ஒறையுற மாதிரி. மெதுவாத்தான் நடக்கும். கலைக்கிறதுக்கு ஒரு நொடி போதும்.” நீலத்தையும் ஒதுக்கினார். “இதுவும் வெள்ளைக்குத் தம்பிதான். பச்சையில நல்லாத் தெரியும், ஆனா கண்ணு கொஞ்சம் கலையும். செவப்புல கொஞ்சமாத்தான் தெரியும், கண்ணு கலையாது. எதுவா இருந்தாலும் மங்கலா வெச்சுக்கணும். பாத்து எடுத்துக்கங்க. பல்கீஸ்! அக்காவ ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போ.”

அவர் மனைவி பல்கீஸ் வந்தாள். பின்பக்கச் சாமான் அறையின் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் கோணியைச் சுருட்டி வைத்தாள். இருவரும் ஆளுக்கொரு பெயிண்ட் தகரத்தின் மேல் உட்கார்ந்தார்கள். வெளியே சாலையில் லாரிகள் போகிற சத்தம் எங்கோ தூரத்துச் சத்தமாகக் கேட்டது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு பிரிந்தது. அது அலமாரியாக மாறியது. அதில் வாளிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. பல்கீஸின் முக்காடு மட்டும் சாம்பல் நிறத்தில் மிதந்தது. நேராகப் பார்த்தால் அது காணாமல் போயிற்று. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் திரும்ப வந்தது. கலாதேவிக்கு அங்கிருந்து எழுந்திருக்கவே மனமில்லை.

பச்சையைப் போட்டாள். அறை முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. அணைத்ததும் வாளிகளைக் காணோம். மறுபடி பொறுமையாகக் காத்திருந்து சிவப்பைப் போட்டாள். கால் அருகே ஒரு வட்டம் மட்டும் சிவந்தது. அணைத்த பிறகும் அலமாரி, வாளி, முக்காடு எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தன.

“எதுக்குக்கா இது?” என்று பல்கீஸ் இருட்டிலிருந்து கேட்டாள்.

“சாமி காரியம்.”

அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தர்மேந்திரனிடம்கூட.

கலாதேவியும் அவள் கணவன் தர்மேந்திரனும் ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிய தோட்டம் ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. தோட்டத்தை நினைத்து உருகுகிற ரகம் இல்லை அவள். அட்டைக்கடியும் ஒழுகுகிற கூரையும் யாருக்கு இனிக்கும்? பூந்தோங்கில் வீடு, பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, ஒரே மகள் தினேஸ்வரி தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்பு என்று வாழ்க்கை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரப்பர் போய் எண்ணெய்க்காகச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையையும் சாய்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் மண்ணை நிரவி, அங்கே தாமான் என்று புதுக் குடியிருப்பு வீடுகள் எழும்பப் போகின்றன. தோட்டத்து முனீஸ்வரருக்கு ஈப்போ ஓரத்தில் புது இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கருக்கலில் பிடிமண் எடுக்கிறார்கள். பழைய கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண், அதை வைத்துத்தான் புதுக் கோயில். சூரியன் கண்ணில் படுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சூரியன் பார்த்த மண் வெறும் மண் என்பது தோட்டத்துக் கணக்கு.

சாமிக்கு ஒரு பிடி மண் எடுக்கலாம் என்றால் பிள்ளைக்கு ஒரு பிடி எடுக்கக் கூடாதா? இந்தக் கேள்வி கலாதேவியைப் பிடித்து ஒரு மாதமாகிறது. தினேஸ்வரிக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். மூன்று நாள் இருந்தான். பெயர்கூட வைக்கவில்லை. தோட்டத்து இடுகாட்டில்தான் புதைத்தார்கள். இருபத்தாறு வருடம் அந்த மண் அங்கேயே இருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று நினைத்து ஒரு தடவையும் போகாமல் இருந்துவிட்டாள். இப்போதோ புல்டோசர் வரப்போகிறது. யாரிடமாவது சொன்னால் பதில் தெரிந்ததுதான். சாமி காரியத்துக்கு நடுவில் சாவுக் காரியமா, பொம்பளைக்கு இடுகாட்டில் என்ன வேலை என்பார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இடம் அவளுக்குப் பகலில் தெரியாது.

அன்று பச்சை உடம்புக்காரி வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை இராத்திரியில் போய்விட்டான். விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடும் முன் காரியம் முடிய வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். அவள் லயத்து வரிசை வீட்டின் பின்வாசலில், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். பால்வெட்டுக்குக் கட்டிக்கொள்ளும் விளக்கைத் தர்மேந்திரன் நெற்றியில் கட்டியிருந்தான். கையில் துணிச்சுருள். கூட மண்வெட்டியோடு அதே லயத்து அர்ச்சுனன் அண்ணன். மரங்களுக்கு நடுவே விளக்கு மறைந்து, தெரிந்து, மறைந்து போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் அசையாமல் நின்றது. அதற்கு நேர் மேலே சுண்ணாம்பு மலையின் இரண்டு முகடுகள், நடுவில் ஒரு பள்ளம். விளக்கு நின்ற இடத்தில்தான் பிள்ளை இருக்கிறான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைப் பற்றி அந்த வீட்டில் அதற்குப் பிறகு பேச்சு எழவில்லை. அவன் பேசாததால் அவளும் பேசவில்லை. அவள் பேசாததால் அவனும் பேசவில்லையோ என்னவோ.

போன ஞாயிறு கோயில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் என்று கூட்டுவேலை போட்டுத் துப்புரவு செய்யப் போனபோது அவளும் போனாள். பகலில் அந்த மலையைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். கல் உடைத்த வெள்ளைத் தழும்பும், செடியும் கொடியும், வெயிலும் நிழலுமாக அதற்கு ஆயிரம் முகம் இருந்தது. எந்த முகட்டைப் பிடிப்பது? ஆனால் பழைய தண்ணீர்த் தொட்டி மட்டும் புல்லுக்குள் பிழைத்துக் கிடந்தது. லயமெல்லாம் போன பிறகும் சிமெண்டை யாரும் பெயர்க்கவில்லை. இருட்டில் அந்தத் தொட்டி வரைக்கும் வந்துவிட்டால் போதும், மீதியை மலையின் கோடு சொல்லிவிடும் என்று நினைத்தாள். கோயிலிலிருந்து நாலா பக்கமும் போகிற பாதையோரக் கற்களுக்கு ஆண்கள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கலாதேவி குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, தொட்டிக்குப் போகிற பாதையின் கற்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். சொந்த மூளையை அவளே மெச்சிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு வேன் கோயிலடியில் நின்றது. பதினைந்து பேர் இறங்கினார்கள். நிலா இல்லை. கோயில் தலைவர் சீனி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஃபோனெல்லாம் அணைச்சிருங்க. வெள்ள லைட்டு யாரும் அடிக்கக் கூடாது. சாமி இருட்டுலதான் கெளம்பும்.” ஒரே ஒரு அகல் மட்டும் எரிந்தது. பூசாரி மந்திரத்தை இழுக்கத் தொடங்கினார். ஆண்கள் முன்னால் நெருங்கினார்கள். அவர்களுக்குள் தர்மேந்திரனின் அகன்ற முதுகும் இருந்தது. தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓட்டி அகன்ற முதுகு. கலாதேவி ஓரடி பின்வாங்கினாள். இன்னும் ஓரடி. அகல் வெளிச்சம் படாத இடத்துக்கு வந்ததும் திரும்பி நடந்தாள்.

காற்றில் வெட்டுப்பட்ட செம்பனையின் புளித்த வாடை இருந்தது. மரங்கள் போய்விட்டதால் வானம் தரை வரை இறங்கியிருந்தது. கண் மெல்ல மெல்ல விரிந்து, அவள் இருட்டுக்குள் நடக்கிறாளா, இருட்டு அவளுக்குள் நடக்கிறதா என்று தெரியாத ஒரு நிலை வந்தது. பயமே இல்லை. சுண்ணாம்படித்த கற்கள் மங்கலாக வரிசை கட்டி நின்றன. பாதை பிரிகிற இடத்தில் குனிந்து சிவப்பு விளக்கைப் போட்டாள்.

கல்லில் பொட்டு இல்லை.

அடுத்த கல்லுக்குப் போனாள். இல்லை. வலப்பக்கப் பாதைக்கு வந்து பார்த்தாள். அங்கேயும் எல்லாக் கல்லும் மழமழவென்று ஒரே சிவப்பாக, துடைத்துவிட்டதுபோல நின்றன. மழை பெய்ததா? வியாழக்கிழமை ஈப்போவில் பெய்யவில்லையே. கல்லைத் தடவி விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். விரலிலும் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள், ஆட்கள் மறைத்துக்கொண்டதில் அகல் தெரியவில்லை, கோயில் எந்தப் பக்கம் என்பதே சந்தேகமாகிவிட்டது. இருபத்தாறு வருடம் வராதவளுக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றியது. அந்தக் கல்லடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் முகத்தில் வெள்ளை வெளிச்சம் அறைந்தது.

“கலா?”

“அணைங்க! மொதல்ல அத அணைங்க!”

தர்மேந்திரன் பதறிப்போய்க் கைப்பேசியைத் திருப்பினான். வெளிச்சம் அவள் முகத்தை விட்டுக் கல்லின் மேல் விழுந்தது. கல்லின் நெற்றியில் வட்டமாக, அழகாக, அவளே வைத்த பொட்டு. அடுத்த கல்லிலும் இருந்தது. அதற்கடுத்த கல்லுக்கு அப்பால், பத்தடி தூரத்தில், புல்லுக்குள் மறைந்த தண்ணீர்த் தொட்டி.

கலாதேவி சிவப்பு விளக்கைக் கல்லில் அடித்துப் பார்த்தாள். அவன் வெளிச்சத்தைக் கையால் பொத்தச் சொல்லிவிட்டு மறுபடி அடித்தாள். பொட்டு போய்விட்டது. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைக் கல்லும் சிவப்பு, குங்குமமும் சிவப்பு. பிறகு பொட்டு எங்கே தெரியும்? ஷரபுதீன் பாய் மீனைப் பற்றித்தான் யோசித்தாரே தவிரக் குங்குமத்தைப் பற்றி அவர் எப்படி யோசிப்பார்? அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் தர்மேந்திரன் பயந்துவிட்டான்.

“என்ன ஆச்சு ஒனக்கு? அங்க மண்ணெடுக்கப் போறாங்க, ஒன்னக் காணோம். பாம்பு கீம்பு இருக்கிற எடம்…”

“ஃபோன அணைச்சிட்டு இப்பிடி வந்து ஒக்காருங்க. கண்ணக் கெடுத்துட்டீங்க. இப்ப திரும்ப மொதல்லேருந்து பழகணும்.”

தொட்டி விளிம்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். கண்ணுக்குள் கைப்பேசி வெளிச்சத்தின் வெள்ளைப் பூச்சி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அவள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முகம் தெரியாத இடத்தில் சொல்வது சுலபமாக இருந்தது. ஒரு பிடி மண், விளக்கு, மலையின் பள்ளம், குங்குமம், டார்ச் லைட் எல்லாவற்றையும் சொன்னாள். கோயில் பக்கம் ஒற்றை உறுமி மெல்ல எழுந்து அடங்கியது.

“இப்ப மலை தெரியுதா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“நேராப் பாக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் பாருங்க.”

அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. முதலில் வானம் மலையை விட்டுச் சற்றே விலகியது. பிறகு ஒரு முகடு. பிறகு பள்ளம். பிறகு இன்னொரு முகடு. தழும்பும் செடியும் போய், ஒரே ஒரு கோடு. அதே கோடுதான். இருபத்து நாலு வயசுக் கலாதேவி பால் கட்டிய மார்போடு இதே தொட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது போலிருந்தது. கையை நீட்டினால் அவள் தோள் தட்டுப்படும் என்று தோன்றியது.

“இந்த லைட்ட நெத்தியில புடிச்சிக்கிட்டு நடந்து போங்க,” என்றாள். “அன்னிக்கு எங்க நின்னீங்களோ அங்க நில்லுங்க. நான் இங்கேருந்து பாக்குறேன்.”

“கலா…”

“போங்க. விடிஞ்சிரும்.”

அவன் போனான். சிவப்பு விளக்கு சின்னதாக ஆடி ஆடிப் போயிற்று. சாய்ந்த மரங்களை ஏறிக் கடக்கும்போது உயர்ந்தது, இறங்கும்போது மறைந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு ஒரு தரம் தயங்கியது, மறுபடி நகர்ந்தது, நின்றது. பள்ளத்துக்கு நேர் கீழே, அணுவளவும் பிசகாமல். இனி அசையாது என்று தெரிந்ததும் அவள் எழுந்து அதை நோக்கி நடந்தாள். சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. இரண்டு தடவை விழுந்தாள்.

அவன் காலடியில் மண்டியிட்டு, மடியிலிருந்த கைக்குட்டையை விரித்து, மண்ணில் கையை வைத்தாள்.

“இங்க இல்ல கலா.”

அவள் நிமிர்ந்தாள்.

“இது நான் நின்ன எடம். இதுக்கு மேல என்னால போக முடியல.” அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. “அர்ச்சுனண்ணே, ‘குடுறா, நீ பாக்க வேணாம்’னு சொல்லி வாங்கிக்கிட்டாரு. அவருக்கு இந்த எடமெல்லாம் அத்துப்படி, லைட்டு வேணாம்னுட்டாரு. இருட்டுலயே போனாரு. நான் இங்கயே நின்னேன்.”

“எந்தப் பக்கம் போனாரு?”

“தெரியல.”

“எப்பிடித் தெரியாம இருக்கும்? பக்கத்துலதான நின்னீங்க?”

“நெத்தியில லைட்டு எரிஞ்சிக்கிட்டு இருந்திச்சு கலா. ரெண்டடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல எனக்கு. மம்முட்டிச் சத்தம் கேட்டுச்சு. கிட்டத்துலதான் கேட்டுச்சு. முன்னாலயா பின்னாலயான்னுகூடப் புரியல. லைட்ட அணைச்சிருந்தா கண்ணு பழகியிருக்கும், பாத்திருப்பேன். அணைக்கத் தோணல.” மூக்கை உறிஞ்சினான். “பெறகு அவருகிட்ட கேக்க வெக்கமா இருந்திச்சு. புள்ளயப் பொதைக்கத் தெரியாதவன்னு நெனைச்சிருவாருன்னு. இப்ப அவரும் போயிச் சேந்துட்டாரு. நீ கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் நான்…”

அவள் கேட்கவே இல்லை. அதுதான் இத்தனை வருடமாக அவனைக் காப்பாற்றியது, அதுதான் அவனைத் தின்றும் இருக்கிறது. கலாதேவிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் கோபம் முழுதாக வந்து சேருமுன் வேறொன்று வந்துவிட்டது. அன்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தது பிள்ளையின் இடத்தை அல்ல. அவ்வளவு நேரமும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இருபத்தேழு வயதில், வெறுங்கையோடு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, எதையும் பார்க்க முடியாமல் ஒருவன் தனியாக நின்று அழுததைத்தான் அத்தனை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

சிவப்பு விளக்கை அவன் கையிலிருந்து வாங்கி அணைத்தாள்.

கோயிலில் சங்கு ஊதினார்கள். சாமி மண் எடுத்தாயிற்று. கீழ்வானம் இன்னும் வெளுக்கவில்லை, ஆனால் வெளுக்கப் போகிறது என்று எங்கோ ஒரு காக்கைக்குத் தெரிந்துவிட்டது. புல்லும் மேடும் பள்ளமும் சுற்றிலும் மெல்ல மெல்லப் பிரிந்து வந்தன. ஒவ்வொரு மேடும் ஒரு பிள்ளை அளவுக்குத்தான் இருந்தது.

“செருப்பக் கழட்டுங்க,” என்றாள்.

அவன் கழற்றிவிட்டு ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்றான். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டாள். பிறகு அவன் வலது கணுக்காலைத் தொட்டாள். அவன் காலைத் தூக்கினான். மண்ணில் பாதம் பதிந்திருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் அந்தத் தடத்துக்குள் கையை விட்டு, வெதுவெதுப்பு ஆறுவதற்குள், ஒரு பிடி அள்ளினாள்.

தர்மேந்திரன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான்.